மர்தோயோவின் உப்புக் கரைசல்

பாக் மர்தோயோ தம் வாழ்நாளில் நாற்பதாயிரம் முகங்களைப் படம் எடுத்தவர் என்று சோலோ நகரத்து ஜெப்ரெஸ் பக்கம் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் அந்த நாற்பதாயிரத்தில் அவர் மனைவி இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். வர்சித்தியின் முகம் அச்சில் இருந்தது ஒரே இடத்தில், அடையாள அட்டையில். ஒற்றைப்படை வருஷத்தில் பிறந்தவள் என்பதால் அரசாங்க விதிப்படி பின்னால் சிவப்புத் திரை. அதற்கு முன்னால், குளியலறையில் பாம்பைக் கண்டவள் போல விழித்துக்கொண்டிருந்தாள். எடுத்தது வட்டார அலுவலகத்து எழுத்தர்.

இப்போது அவள் போய் ஆயிரமாவது நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரமாவது நாளில் புதைத்த இடத்துக்குக் கல் வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரை அழைத்து ஓத வேண்டும். திரும்பிப் போகிறவர் கையில் சோற்றுப் பெட்டியோடு ஒரு சின்ன யாசீன் ஓதல் புத்தகமும் கொடுத்தனுப்ப வேண்டும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் இறந்தவரின் படம் இருக்கும். அதன் பிறகு சடங்கு எதுவும் கிடையாது. நூற்றிருபது வீட்டு அலமாரிகளில் அவளுக்கு இனி இருக்கப்போகும் முகம் அதுதான். செவ்வாய்க்கிழமைக்குள் படம் வந்தாக வேண்டும் என்று அச்சகத்து ப்ரியோ சொல்லியிருந்தான்.

பெக்காசியில் இருக்கும் மகன் யூலியான்தோ போனில் வந்தான். எங்கள் பக்கம் பாக் என்றால் அப்பா; ஊராருக்கு ஐயா.

"பாக், அந்த அட்டையில இருக்கிற படத்தையே குடுத்துடுங்களேன்."

"அதுல உங்கம்மா கோழி திருடுறப்ப மாட்டுனவ மாதிரி முழிக்கிறா."

"அப்ப வேற படம் இருக்கா?"

"இருக்கு."

"எங்க இருக்கு? நான் பாத்ததே இல்லியே."

"ஃப்ரிட்ஜுல. முட்டை வைக்கிற தட்டுல."

மகன், "வேளைக்குச் சாப்பிடுறீங்களா, பாக்?" என்று மட்டும் கேட்டான்.

முட்டைத் தட்டில் உண்மையாகவே ஒரு படச்சுருள் இருந்தது. முப்பத்தாறு படம், கழுவாதது. அது ஏன் அங்கே மூன்று வருஷமாகக் குளிரில் கிடந்தது என்பதற்கு மர்தோயோவின் கொள்கைகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கொள்கை உள்ளவர்களோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குப் பாதி இப்போதே புரிந்திருக்கும்.

இருபத்திரண்டு வருஷம் அவர் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். பாஸ்போர்ட் அளவுப் படங்கள். அங்கே ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு கோட்டு உண்டு. முன்பக்கம் மட்டும் உள்ள கோட்டு, முதுகில் நாடா வைத்துக் கட்டுவது. உழவர், பெச்சாக் ரிக்ஷாக்காரர், கல்யாண மாப்பிள்ளை எல்லோரும் அதைக் கட்டிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் ஆனார்கள். கோட்டு முடித்து வைக்காததை மர்தோயோ பென்சிலால் முடித்து வைப்பார். நெகட்டிவின் மேல் ஊசிமுனைப் பென்சில் வைத்து அம்மைத் தழும்பை நிரப்புவார், விழுந்த பல்லை முளைக்க வைப்பார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று முதலாளி சொல்வார். மர்தோயோவும் அதை மறுத்ததில்லை.

ஒருநாள் க்ளாத்தென் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். மகன் லாரி விபத்தில் போய்விட்டான், மூன்று மாதம் முன்பு வேலைக்கு விண்ணப்பிக்க இங்கேதான் படம் எடுத்தான், அதைப் பெரிதாக்கித் தரவேண்டும் என்றாள். பெரிதாக்கிக் கொடுத்தார். அந்த அம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இது எம் புள்ள இல்ல" என்றாள். வலது கன்னத்தில் துவரம்பருப்பு அளவு மச்சம் இருந்திருக்கிறது. இரண்டே நிமிடத்தில் அதை எடுத்துவிட்டவர் மர்தோயோ.

அன்றோடு பென்சிலைக் கீழே வைத்தார். கொள்கைகளை எடுத்துக்கொண்டார். திருத்தக் கூடாது. ஓரம் வெட்டக் கூடாது. சிரிக்கச் சொல்லக் கூடாது. ஒரு முகத்துக்கு ஒரே ஒரு தடவைதான் அழுத்த வேண்டும். இரண்டாவது தடவை அழுத்துகிறவன் முதல் தடவை பார்க்கவில்லை என்று அர்த்தம். ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, முதலாளி தூக்கிப்போட இருந்த பழைய பெரிதாக்கும் கருவியை ஒரு பெச்சாக்கில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"வேல போச்சா, பாக்னே?" என்று கேட்டாள் வர்சித்தி. பிள்ளையின் அப்பாவை எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நான் விட்டுட்டேன், மாக்னே."

"ரெண்டுக்கும் அரிசி ஒண்ணுதான்" என்றாள். மறுநாள் வாசலில் அடுப்பை வைத்து தெம்பே என்ற சோயா வில்லைகளைப் பொரித்து விற்க ஆரம்பித்தாள். கொள்கைக்கு எண்ணெய் ஊற்றியவள் அவள்தான். அவர் அதை வேலை என்று எண்ணினாரே தவிர உதவி என்று எண்ணவில்லை.

வீட்டில் உட்கார்ந்தவர் சோதனைகளில் இறங்கினார். படம் கழுவ வெளிநாட்டு மருந்து எதற்கு, நம் அடுப்படியில் இல்லாததா என்பது கேள்வி. பப்பாளி இலையைக் காய்ச்சினார், படச்சுருள் கூழாகியது. கிராம்பில் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. மூலிகைக் கஷாயம் விற்கும் பெண்ணிடம் வாங்கிய மஞ்சள் சாற்றில் ஒரு கல்யாண ஊர்வலம் முழுவதும் காமாலை கண்டது. காபியில் கழுவலாம் என்பது உலகம் அறிந்தது. அதனாலேயே அவருக்குக் காபி பிடிக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது தேநீர். மூன்று கம்பெனித் தூளை வர்சித்தி தனக்கு மட்டும் தெரிந்த கணக்கில் கலந்து வைத்திருப்பாள். அதைக் கறுக்கக் காய்ச்சி, சலவைச் சோடாவும் விட்டமின் மாத்திரையும் பொடித்துப் போட்டால், படம் அச்சு அசலாக எழும்பி வந்தது. இது உண்மை. இந்தக் கதையில் உண்மையாகவே பலித்த சோதனை இது ஒன்றுதான் என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழும்பிய படம் நிலைக்க வேண்டும். வெளிச்சம் படாத வெள்ளியை ஹைப்போ என்ற உப்புதான் கரைத்து வெளியேற்றும். இல்லாவிட்டால் படம் வெயிலில் கறுத்துவிடும். மர்தோயோ ஹைப்போவை வெறுத்தார். "பதினேழாயிரம் தீவு, சுத்தியும் உப்புத் தண்ணி. ஒரு படத்த நிக்க வைக்க அடுத்தவன் நாட்டு உப்பா?" என்பார். மதுரா தீவின் கல் உப்பைத் தண்ணீர் இனிமேல் ஏற்காது என்று சொல்லும்வரை கரைத்து, அதில் படத்தை ஓர் இரவு ஊறப்போட்டார்.

அதற்குள் அவரிடம் சனிக்கிழமை தோறும் ஏழெட்டுப் பிள்ளைகள் பாடம் கேட்க வர ஆரம்பித்திருந்தார்கள். வட்டாரக் கூட்ட மண்டபத்தில் பூப்பந்து மட்டைகள் வைக்கும் அறைதான் இருட்டறை. சனிக்கிழமை ஊறப்போட்டது ஞாயிறு காலையில் கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடந்தது. மர்தோயோ அன்று அழுதார் என்பார்கள். வெயிலில் கொடியில் தொங்கவிட்டார்; சாயங்காலம்வரை ஒரு நூலளவும் கறுக்கவில்லை. பதினொரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் உப்பு ஜெயித்தது. "உப்பே போதும்" என்று இருபத்தாறு பக்கத்தில் கையேடு போட்டார். அது மாலாங் வரைக்கும் பாண்டுங் வரைக்கும் போயிற்று. அங்கிருந்தெல்லாம், எங்களுக்கு மட்டும் படம் பால் மாதிரி வெளுத்து நிற்கிறதே என்று கடிதம் வரும். "பொறுமை போதவில்லை" என்று பதில் எழுதுவார்.

வகுப்பில் அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு.

"ஒளி எப்படிப் போவுது?"

"நேரா, பாக்."

"நீங்களும் நேராப் பேசிப் பழகுங்க. தப்புன்னா தப்புன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

"சரிங்க, பாக்" என்பார்கள் எல்லோரும். எங்கள் சோலோவில் 'சரிங்க' என்றால் சரி என்று பொருளில்லை. காதில் விழுந்தது என்று பொருள்.

அப்படிப்பட்டவர் மனைவியைப் படம் எடுக்காததற்குக் காரணம் அன்பின்மை அல்ல. ஒரே ஒரு தடவைதானே அழுத்தலாம்? அதற்குத் தக்க ஒளி வரட்டும் என்று முப்பத்தேழு வருஷம் காத்திருந்தார். "நான் செத்தா என் மூஞ்சியில நல்லா வெளிச்சம் விழும், அப்ப எடுங்க" என்பாள் வர்சித்தி. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று மருத்துவமனையில் சொன்ன மறுநாள் காலையில் அவர் ஒன்றும் பேசாமல் கேமராவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவளை முப்பத்தாறு தடவை எடுத்தார். "என்ன பாக்னே, கொள்கைய எலி தூக்கிட்டுப் போச்சா?" என்று அவள் கேட்டது அந்தச் சுருளில் எங்கோ ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

அவள் இருந்தவரை அதைக் கழுவவில்லை. அவசரப்பட்டால் சாவை அழைத்தது மாதிரி ஆகிவிடும் என்று பயம். போன பிறகும் கழுவவில்லை. அது வேறு பயம். இப்போது ஆயிரமாவது நாள். இந்தச் சுருளை மண்டபத்துக்குக் கொண்டுபோகவும் அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, வீட்டில், தனியாக, டப்பாவின் அடியில் மிச்சமிருந்த அவளுடைய கலவைத் தூளிலேயே தேநீர் காய்ச்சிக் கழுவினார். கல் உப்பைப் புதிதாகக் கரைத்து ஊறப்போட்டார். பிறர் கை படாத உப்புச் சோதனை அது. அவர் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்தது அதுதான் முதல் தடவை என்று அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை திறந்து பார்த்தார். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுப்பாக இருந்தது. வகுப்பு இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டு இன்னும் உப்பைப் போட்டார். ஞாயிறு காலையிலும் அதே வெளுப்பு. ஆனால் அந்த வெளுப்பின் மேல் அவள் இருந்தாள். அடுப்படி மங்கலில் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நெகட்டிவில் முகம் கறுப்பு, கூந்தல் வெள்ளை. ஆனால் நாற்பது வருஷம் நெகட்டிவ் பார்த்தவருக்கு அதில் வித்தியாசம் தெரியாது. ஆற்றுகிறாள். திட்டுகிறாள். கையால் கேமராவை மறைக்கிறாள். இருபத்தெட்டாவதில் சிரிக்கிறாள்.

அந்த நேரத்துக்கு வெனிங் வந்தாள். வகுப்பில் மூத்தவள் அவள். மருந்துக் கடையில் வேலை. அரிசி மாவுப் பணியாரம் வாங்கி வந்திருந்தாள்.

"உடம்பு சரியில்லியோன்னு பாக்க வந்தேன், பாக்."

"உடம்புக்கென்ன. வா, இங்க வந்து பாரு. யாருன்னு பாரு."

வெனிங் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு போய்விட்டது. பணியாரப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

"இந்த வருஷம் மதுராவுல நல்ல மழைன்னு சொல்றாங்க, பாக். உப்பு அவ்வளவு திடமா இல்லியாம்."

"உப்புக்கு என்னம்மா மழையும் வெயிலும்? உப்பு உப்புதான்."

"ஆமாங்க, பாக்... மண்டபத்துல போன வாரத்துக் கரைசல் அப்படியே இருக்கு. நான் போயி எடுத்தாரட்டுமா? பழகின கரைசல் பாருங்க. ஒரு தடவ முக்கி எடுத்தா..."

"பழசுலயா? பதினெட்டாம் பக்கத்துல நானே எழுதிருக்கேன், ஒவ்வொரு தடவையும் புதுசாக் கரைக்கணும்னு. நீ படிச்சியா இல்லியா?"

"படிச்சேன், பாக். இன்னிக்கு வெளிச்சம் வேற கடுமையா இருக்கு. சன்னல சாத்திட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு நிதானமா..."

ஊரில் வேறு யாராக இருந்தாலும் முதல் பேச்சிலேயே புரிந்துகொண்டிருப்பார்கள். குறிப்பால் சொன்னால் உணர்ந்துகொள்வதில் மர்தோயோவும் குறைந்தவர் அல்ல; பக்கத்து வீட்டுக்காரர் வாழைத் தாரைப் புகழ்ந்தால் ஒரு சீப்பை வெட்டிக் கொடுத்தனுப்புகிறவர்தான். உப்பு விஷயத்தில் மட்டும் அவருக்குக் காது நேராக இருந்தது.

"ஏம்மா சுத்தி வளைக்கிற? ஒளி எப்படிப் போவுது?"

"நேரா, பாக்."

"அப்ப நேராச் சொல்லு."

வெனிங் தரையைப் பார்த்துக்கொண்டு நேராகச் சொன்னாள்.

"உப்பு போதாது, பாக். எப்பவும் போதல. நாங்க ஹைப்போ போடுவோம். வண்ணமீன் கடையில தொட்டித் தண்ணிக்குப் போடுறதுக்குன்னு விப்பாங்களே, அது. முதல்ல போட்டது அப்பக் கூடப் படிச்ச ஹந்தோகோ மாஸ், அந்த அண்ணன்தான். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை விடியக்காலம் வந்து திறந்து பாத்தாராம், பாலாட்டம் நின்னுச்சாம். நீங்க வந்து பாத்தா தாங்க மாட்டீங்கன்னு ஓடிப்போயி ஒரு பொட்டலம் வாங்கியாந்து போட்டுட்டார். நீங்க அழுதுட்டீங்க. அப்புறம் யாரு சொல்றது? ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருத்தர்னு முறை வெச்சிருக்கோம். மீன் மருந்து முறைன்னு பேரு."

மர்தோயோ படச்சுருளைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"பதினோரு வருஷம்."

"ஆமாங்க, பாக்."

"அவளுக்குத் தெரியுமா?"

வர்சித்தியைப் பிள்ளைகள் ஈபு, அதாவது அம்மா, என்பார்கள். வெனிங் அடுப்பு மேடையில் இருந்த சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள். "இந்த அடுப்படியிலதான் இருக்கும், பாக். ஈபுதான் வெச்சிருந்து எடுத்துக் குடுப்பாங்க. 'உப்புல ஜெயிச்சுட்டம்னு மனுஷன் ராத்திரி நல்லாத் தூங்குறாரு, விட்டுருங்க'ம்பாங்க."

"பொய்."

"பாக்..."

"இப்ப சொல்றியே, இதுதான் பொய். உன் கையில இருந்த மருந்து ஏதோ ஒரு நாள் சிந்திருக்கும். அதுக்காக உப்பு தோத்துச்சுன்னு ஆயிருமா? இருபத்திரண்டாம் பக்கத்துல என்ன இருக்கு? சந்தேகம் வந்தா?"

"வெயில்ல தொங்கவிடணும், பாக். ஆனா இத வேணாம், பாக். ஒரு துண்டு மட்டும் வெட்டி..."

அவர் ஏற்கெனவே முற்றத்துக்குப் போய்விட்டார். வெனிங் பின்னாலேயே ஓடினாள். கொடிக்கும் அவருக்கும் நடுவே நின்றாள். அந்த நிமிடத்தில் அவள் படச்சுருளைப் பிடுங்கியிருக்கலாம். எழுபத்தொரு வயதுக் கையில் அவ்வளவு பிடிப்பு இராது. ஆனால் பெரியவர் கையிலிருந்து எதையும் பிடுங்கக் கூடாது, அவர் முன்னால் நிமிர்ந்து நடக்கவே கூடாது என்று வளர்க்கப்பட்டவள். "மன்னிச்சுக்குங்க, பாக்" என்று சொல்லி, குனிந்து, வழிவிட்டாள்.

காலை பத்து மணி வெயில். மர்தோயோ கிளிப் மாட்டித் தொங்கவிட்டுவிட்டு, எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. அவர் வெனிங்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வெளுப்பு ரோஜா நிறமானது. ரோஜா, நாவல்பழச் சாறானது. அதில் முதலில் தேநீர்க் குவளை அமிழ்ந்தது, பிறகு கை, பிறகு முகங்கள் ஒவ்வொன்றாக. பதினொன்றரை மணிக்கு ஈரல் துண்டு மாதிரி ஒரு பட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் எடுத்துவிடலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. சோதனையை நடுவில் நிறுத்துகிறவனுக்குச் சோதனை செய்ய யோக்கியதை இல்லை என்று பாடம் நடத்தியவர்.

"நீ போம்மா" என்றார்.

அவள் போன பிறகு வெகுநேரம் கழித்து அடுப்படிக்குள் வந்தார். சர்க்கரை டப்பாவை நகர்த்தினார். பின்னால் மீன் படம் போட்ட பிளாஸ்டிக் பொட்டலம், பாதி காலி. ரப்பர் வளையம் இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவது சுற்றை முறுக்கி மாட்டியிருந்தது. மிளகாய்த் தூளுக்கும் தேயிலைக்கும் அவள் அப்படித்தான் கட்டுவாள். மூன்று நாளாகப் படச்சுருள் ஊறிக்கொண்டிருந்த வாளிக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் ஆறடி தூரம்.

கரைத்தார். படத்தை முக்கினார். கரையவேண்டியது கரைந்தது, கறுக்கக் கூடாதது ஏற்கெனவே கறுத்துவிட்டிருந்தது. கறுப்பு மூட்டத்துக்குள் ஒரு சட்டத்தில் காதும் தோடும் தெரிந்தன, இன்னொன்றில் கேமராவை மறைக்கத் தூக்கிய கை தெரிந்தது. மற்றதெல்லாம் இரவு.

செவ்வாய்க்கிழமை காலை வெனிங் மறுபடி வந்தாள். இம்முறை பணியாரம் இல்லை. போனை நீட்டினாள்.

"ஈபு கேட்டு நான் எடுத்தது, பாக். நாலு வருஷம் ஆச்சு. 'பாக்னே கிட்ட சொல்லிடாத, வெளிச்சம் சரியில்லம்பாரு'ன்னாங்க."

வெளிச்சம் சரியில்லைதான். சன்னல் பின்னால் இருந்தது. வர்சித்தி எண்ணெய்க் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையோ கிண்டல் செய்து முடித்த வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. ஓரத்தில் யாருடைய முழங்கையோ. மர்தோயோ வாழ்நாளில் எடுத்திருக்கவே மாட்டாத படம்.

"நல்லாயிருக்கு" என்றார்.

அது நேரான பேச்சா, ஊர்ப் பேச்சா என்று வெனிங்குக்குத் தெரியவில்லை.

அச்சகத்தில் ப்ரியோவிடம் அவரே போய்ச் சொன்னார். "எதையும் தொடாத. பல்லத் தொடாத. பின்னால எதுவும் போடாத."

"சரிங்க, பாக்" என்றான் ப்ரியோ.

ஆயிரமாவது நாள் மாலைத் தொழுகை முடிந்ததும் பாய் விரித்து நூறு பேர் உட்கார்ந்தார்கள். மகன் பெக்காசியிலிருந்து வந்திருந்தான். ஓதி முடித்து, பெட்டியும் புத்தகமும் கைமாறின. மர்தோயோ தம் பங்குப் புத்தகத்தை அப்போதுதான் பிரித்தார். வர்சித்தியின் பின்னால் நீல வானமும் வெண்மேகமும் இருந்தன. எண்ணெய்க் கரண்டி இல்லை. தோல் புதுப்பெண்ணுக்கு இருப்பது போல வழவழவென்றிருந்தது. பல் முளைத்திருந்தது, சுத்தமான வேலை, ஒட்டு தெரியவில்லை. க்ளாத்தென் அம்மாள் சொன்ன வாக்கியம் அவர் தொண்டைவரை வந்து நின்றது.

தெருத் தலைவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பாத்தீங்களா, இதுக்குத்தான் பாக் மர்தோயோ இத்தன வருஷம் காத்திருந்திருக்காரு. ஈபு அப்படியே உசுரோட சிரிக்கிறாங்க. இந்தக் கண்ணு யாருக்கு வரும்?"

"நான் எடுத்தது இல்ல" என்றார் மர்தோயோ.

"அப்படித்தான் சொல்வாரு!"

"மெய்யாத்தான் சொல்றேன். போன்ல எடுத்தது. என் பாடம் கேக்குற பொண்ணு எடுத்தது. நான் எடுத்தது எல்லாம் கறுத்துப் போச்சு. என் உப்பு வேல செய்யல. பதினோரு வருஷமா செய்யல."

பாய் முழுவதும் இதமான சிரிப்பு பரவியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

"பெரிய கலைஞருங்கல்லாம் இப்படித்தாம்ப்பா. தன்னத் தானே தாழ்த்திக்குவாங்க. அடக்கம்! உங்கப்பாகிட்டக் கத்துக்க, யூல்."

"ஆமாங்க" என்றான் மகன், பெருமையாக.

வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோர் முகத்துக்கும் நேராகப் பேசிவிட்டு மர்தோயோ நாலாபக்கமும் பார்த்தார். அடுப்படி வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்த வெனிங் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருத் தலைவர் இன்னொரு தடவை புகழ்ந்தார். பதில் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு.

"சரிங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் புதிதாக நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். தேநீர் காய்ச்சினார், கழுவிக் காட்டினார், உப்பு மூட்டையை அவிழ்த்தார். பழைய பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். தராசை எடுத்தவர், நிமிராமலே கேட்டார்.

"இன்னிக்கு மீன் மருந்து யாரு முறை?"

பூப்பந்து மட்டைகள் மாட்டியிருந்த ஆணிகளுக்கு நடுவே ஒரு பல்லி ஓடியது. வெனிங் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற பழைய மாணவன் காலிஹ், பால் வடியும் முகத்தோடு, மிகுந்த பணிவாகக் கேட்டான்.

"எந்த மீனு, பாக்?"

மர்தோயோ அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல வளர்ப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்பை எடைபோட்டு, தண்ணீர் இனிமேல் ஏற்காது என்று சொல்லும்வரை கரைத்தார். புதியவர்களுக்குப் பதினெட்டாம் பக்கத்தைப் படித்துக் காட்டினார். பிறகு கைகழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். குழாயடியில் கையை இரண்டு தடவை கழுவினார். ஒரு பொட்டலம் பிரிக்க எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது என்பதால், மூன்றாவது தடவையும் கழுவினார்.